கள்ளன் எங்கே?

பிரஷ்காரன் (குடியாத்தம்):
நேற்று ஒரு பதிவைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. எம்.ஏ. தமிழ் படிக்கும் ஒரு பிள்ளை எடுத்தனூர் நடுகல்லைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறது: ‘உருவமே பேசுகிறது. நடுகல்லைப் படிக்க எழுத்தே தேவையில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நமக்குப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது.’ கீழே வரிசையாக இதயக்குறி. ஒருத்தருக்காவது கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

நான் முப்பத்திரண்டு வருஷம் போர்டு எழுதினவன். அந்தப் பிள்ளை போட்ட போட்டோவையே பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு ஆள் ஆயுதத்தோடு நிற்கிறான், பக்கத்தில் ஒரு நாய். அவ்வளவுதான். கோவிவன் என்ற அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காவல் இருந்தது என்பது கல்லில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டி வைத்ததால்தானே தெரிகிறது? படத்தில் கள்ளன் எங்கே அம்மா?

படமே பேசும் என்பவர்களுக்கு ஒரு கதை. எங்கள் பக்கம் ஒரு நெய்க்கடை. முதலாளி படித்தவர், புதுமையாக இருக்கட்டும் என்று ‘எழுத்தே வேண்டாம், நல்ல பசுமாடு ஒன்று மட்டும் போடு’ என்றார். போட்டேன். திமில், மடி, கழுத்துக்குக் கீழே தொங்கும் தோலின் மடிப்பு வரைக்கும். வெயில் விழுந்தால் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். ஒரே வாரத்தில் ஆள் அனுப்பினார். வருகிறவன் எல்லாம் பிண்ணாக்கு இருக்கிறதா, தவிடு இருக்கிறதா என்று கேட்கிறானாம். மாட்டின் காலுக்குக் கீழே ‘நெய்’ என்று ரெண்டே எழுத்து எழுதினேன். அப்புறம் ஒருத்தனும் பிண்ணாக்குக் கேட்கவில்லை.

மொழிமாணவி:
ஐயா, அந்தப் பிள்ளை நான்தான். என் பதிவை முழுதாகப் படித்தீர்களா, இல்லை யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்களா? ‘எழுத்து’ என்பதை என்ன பொருளில் எடுக்கிறேன் என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருந்தேன். பரிபாடலின் 19-ஆம் பாட்டில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்துக்குப் பெயரே எழுத்துநிலை மண்டபம். கண்ணுக்கு மை எழுதுகிறோம். நீங்களும் ‘போர்டு எழுதினவன்’ என்றுதான் சொல்கிறீர்கள், அந்த மாட்டையும் சேர்த்து. வரைவதும் எழுதுவதும் நம் மொழியில் ஒரே சொல்லாக இருந்தது, பிறகு நாமே பிரித்துக்கொண்டோம் என்பதுதான் நான் சொன்னது.

இன்னொன்று. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் உண்டு. எழுத்து வெட்டுவது எங்கே? முதலில் நிற்பதே காட்சி.

பிரஷ்காரன் (குடியாத்தம்):
இவ்வளவு எழுதியும் கள்ளனைக் காணோம்.

அகழிமீன்:
கடித்த வலியில் ஓடிப்போயிருப்பான் அண்ணா.

செங்கம்_மண்:
கள்ளன் இருக்கட்டும். அந்தப் பதிவின் தலைப்பில் ‘வேலூர் மண்ணின் பெருமை’ என்று இருக்கிறதே, அதை யாரும் பார்க்கவில்லையா? எடுத்தனூர் திருவண்ணாமலை மாவட்டம். வட ஆற்காட்டிலிருந்து எங்களை 1989-இலேயே பிரித்தாயிற்று. உங்களிடமிருந்த ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-இல் தனியாகப் போய்விட்டன, இப்போது எங்கள் நாய்க்குச் சொந்தம் கொண்டாடக் கிளம்பிவிட்டீர்களா?

உரைகாரன்:
மாணவிக்கு ஒரு திருத்தம். நடுகல் துறையில் ‘காட்சி’ என்பது உருவத்தைப் பார்ப்பது அல்ல, நடுவதற்கு ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது. வாதத்தின் முதல் தூணே ஆடுகிறது. எழுத்து எங்கே என்று கேட்டாய். ஐங்குறுநூறு 352-ஐப் புரட்டிப் பார், ‘எழுத்துடை நடுகல்’ என்றே இருக்கிறது. அகநானூறு 131-இல் ‘பெயரும் பீடும் எழுதி’. பீடு என்றால் பெருமை. அதை வரைந்துவிடலாம் என்று வாதம் செய்வாய், பெயரை எப்படி வரைவாய்?

நீ சொன்ன அதே எழுத்துநிலை மண்டபத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். இது இந்திரனாகிய பூசை, இவள் அகலிகை, இவன் கௌதமன், இவள் கல்லானது இப்படி என்று தெரிந்தவர் தெரியாதவருக்கு விளக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பூசை என்றால் பூனை. யாரும் சொல்லாவிட்டால் அது சுவரில் நிற்கும் வெறும் பூனை.

எடுத்தனூர்க் கல் பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. சித்திரகாரப்புலி என்று தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்ட மன்னன். அவன் காலத்துத் தச்சனுக்கே உருவம் போதவில்லை, பக்கத்தில் எழுத்தும் வெட்ட வேண்டியிருந்தது.

பிரஷ்காரன் (குடியாத்தம்):
அப்படிப் போடுங்கள். வாத்தியார் வாயிலிருந்து எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. போன மாதம் இதே குழுவில் ஆம்பூர் பிரியாணி பற்றிய விவாதத் திரியில் நான் எழுதியதில் ஒற்று விட்டுப்போனது என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கினவர் இவர்தான், பிரியாணிக்குச் சீரகச்சம்பாவா பாஸ்மதியா என்ற கேள்விக்கு மட்டும் கடைசி வரைக்கும் பதில் சொல்லவில்லை.

உரைகாரன்:
ஒற்றை விட்டவர் நீங்கள். முப்பத்திரண்டு வருஷம் சுவரில் எழுதியவர் ‘சாப்பாட்டு கடை’ என்று எழுதினால் சொல்லத்தான் செய்வேன்.

பிரஷ்காரன் (குடியாத்தம்):
அந்தச் சுவரில் ‘க்’ போட இடம் இல்லை! நூல் அடித்து, சாக்பீஸால் அளவு பிரித்த பிறகுதான் ஜன்னல் குறுக்கே வருவது தெரிந்தது. புத்தகத்தில் எழுதுகிறவருக்கு ஜன்னல் கிடையாது.

மொழிமாணவி:
உரைகாரன் ஐயா, காட்சி பற்றிச் சொன்னது சரி, அதற்காக என் வாதம் சரிந்துவிடாது. மண்டபத்தில் வாயால்தான் சொன்னார்கள். எழுதி ஒட்டவில்லை. நான் வேண்டாம் என்றது எழுத்தை, பேச்சை அல்ல.

பிரஷ்காரன் ஐயாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் தெரு முனையில் ஒரு மதில். ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. சரியாக அந்த ‘காதீர்’ மேலேயே ஈரம். அப்புறம் வீட்டுக்காரர் அதை அழித்துவிட்டுப் பிள்ளையார், சிலுவை, பிறை மூன்றையும் வரிசையாக வரைய வைத்தார். ஒரு எழுத்து கிடையாது. மறுநாளிலிருந்து மதில் காய்ந்து கிடக்கிறது. எது பேசியது? அந்த மாதிரி எத்தனை சுவருக்கு நீங்களே வரைந்திருப்பீர்கள்?

அகழிமீன்:
ஐயோ, அடி விழுந்தது.

பிரஷ்காரன் (குடியாத்தம்):
வரைந்திருக்கிறேன். பதினைந்து இருபது இருக்கும். அது வேறு. அங்கே பயம் வேலை செய்கிறது, படம் இல்லை. பிள்ளையார் யார் என்று தெரியாத ஒருத்தனை வெளிநாட்டிலிருந்து கூட்டி வந்து அந்த மதில் முன்னால் நிறுத்திப் பார், ‘ஆகா, யானை’ என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்துவிட்டுப் போவான்.

நான் கேட்டது நடுகல். அதில் கள்ளன் எங்கே? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லத் துப்பில்லாமல் மூத்திரச் சுவருக்குப் போய்விட்டாய்.

செங்கம்_மண்:
படித்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், அந்தக் கல் நட்ட பக்கத்து ஆட்களைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கம் நடுகல் என்றால் வேடியப்பன். என் தாத்தாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது, வட்டெழுத்துக்கு எங்கே போவார். கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பொங்கல் வைத்தார். மஞ்சள் எழுத்துக்கு மேலேயும் வழியும், அதைப் பற்றி ஒருத்தரும் கவலைப்படவில்லை. கத்தியோடு ஒருத்தன் நிற்கிறான், ஊருக்காகச் செத்தவன், காப்பாற்றுவான். அவ்வளவு போதும் எங்களுக்கு. அந்தப் பெண் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஆனால் ‘நாங்கள் கண்டடைந்த நடுகல்’ என்று எழுதியிருக்கிறாயே தங்கச்சி, அதைச் சும்மா விட மாட்டேன். செங்கம் நடுகற்களைத் தொல்லியல் துறை 1970-களிலேயே புத்தகமாகப் போட்டாயிற்று. நீங்கள் கல்லூரி பஸ்ஸில் வந்து கண்டடைந்தீர்களா?

மொழிமாணவி:
அண்ணா, ‘கண்டடைந்த’ என்று ஒரு உணர்வில் எழுதியது. திருத்திவிடுகிறேன். உங்கள் தாத்தா கதையை என் பதிவில் சேர்த்துக்கொள்ளலாமா?

செங்கம்_மண்:
முதலில் தலைப்பில் மாவட்டத்தைத் திருத்து. அப்புறம் தாத்தா.

உரைகாரன்:
தாத்தா கும்பிட்டது வேடியப்பனை. கல்லில் இருப்பவன் பெயர் வேறு, எருமை காக்கப் போய் இறந்தவன். அவன் பெயரும் நாயின் பெயரும் எழுத்தில்தான் பிழைத்துக் கிடக்கின்றன. உருவம் மட்டும் இருந்திருந்தால் யாரோ ஒருவன், யாரோ ஒரு நாய்.

செங்கம்_மண்:
சாமிக்குப் பெயர் நாங்கள் வைப்போம். அதற்கு வேலூரிலிருந்து வாத்தியார் வர வேண்டாம். உங்கள் கோட்டைக்குள் கோயில் இருந்தும் 1981 வரைக்கும் சாமி இல்லாமல்தானே வைத்திருந்தீர்கள்.

அகழிமீன்:
அண்ணா, அதை இழுக்காதீர்கள். ஜலகண்டேசுவரர் சத்துவாச்சாரியில் பத்திரமாக இருந்தார். அதுவரைக்கும் கோட்டைக்குள் போனவர்கள் கல்யாண மண்டபத்து யாளியையும் குதிரையையும் வாய் பிளந்து பார்த்துவிட்டு வந்தார்கள் என்று எங்கள் அப்பா சொல்வார். கும்பிட ஒன்றும் இல்லை, படிக்க ஒன்றும் இல்லை, தூணை மட்டும் பார்த்தார்கள். இது யார் கட்சிக்குச் சேரும் என்று நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். நாய், பூனை, யாளி எல்லாம் வந்தாயிற்று, மாடு ஏற்கனவே இருக்கிறது.

மொழிமாணவி:
என் கட்சிக்குத்தான். தேர்தல் சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-52 பொதுத் தேர்தலில் வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால்தான் சின்னமே வந்தது. படத்தை நம்பித்தான் இந்த நாட்டின் ஜனநாயகமே தொடங்கியது. உங்கள் ‘நெய்’ இல்லாமல்தான் ஐயா எங்கள் பாட்டி ஓட்டுப் போட்டார்.

பிரஷ்காரன் (குடியாத்தம்):
சின்னத்தைப் பற்றி எனக்கே பாடமா! எல்லாக் கட்சிச் சின்னமும் எழுதியிருக்கிறேன், கூலி கொடுத்தவனுக்கு எழுதினேன். ‘இந்தச் சுவர் ரிசர்வ்’ என்று ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே வெள்ளை அடித்துப் பிடித்து வைப்பார்கள், ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நீலமும் சிவப்பும் கலக்கி ஏணி மேல் நின்று எழுதினவன் நான், ஃபிளெக்ஸ் வந்து வயிற்றில் அடித்த வரைக்கும். இத்தனை வருஷத்தில் ‘சின்னம் மட்டும் போடு, பெயர் வேண்டாம்’ என்று சொன்ன ஒரு வேட்பாளனைக் காட்டு. பெயரில் ஒரு புள்ளி குறைந்தாலும் விடிவதற்குள் ஆள் வந்து நிற்பான். சின்னத்தில் ஒரு கோணல் இருந்தால் ஒருத்தனும் கேட்க மாட்டான். உன் பாட்டிக்கும் யாரோ ஒருத்தர் ‘இதுதான் நம்ம சின்னம், இன்னாருக்கு’ என்று காதில் ஓதியிருப்பார், கேட்டுப் பார்.

அகழிமீன்:
எங்கள் வேலூரில் 2019 ஏப்ரலில் தேர்தலே ரத்தாகி ஆகஸ்டு 5-ஆம் தேதிதானே நடந்தது, காசு பிடிபட்டதால். சின்னமும் வேலை செய்யவில்லை, எழுத்தும் வேலை செய்யவில்லை, மூன்றாவதாக ஒரு படம்தான் வேலை செய்யப் பார்த்தது. காந்தி படம்.

பிரஷ்காரன் (குடியாத்தம்):
அதிலும் 500 என்று எழுதியிருந்தால்தான் வாங்குவான்.

மொழிமாணவி:
500 எண் ஐயா. எழுத்து அல்ல.

உரைகாரன்:
‘எண்ணென்ப ஏனை எழுத்தென்ப’ என்று குறளே இரண்டையும் பிரித்துத்தான் சொல்கிறது. இந்த இடத்தில் மட்டும் மாணவி சொல்வது சரி.

பிரஷ்காரன் (குடியாத்தம்):
பார்த்தீர்களா, வாத்தியார் கட்சி மாறிவிட்டார்! எனக்குத் தெரியும். பிரியாணித் திரியிலும் இதே கதைதான், முதலில் சீரகச்சம்பா என்றார், கடைசியில் தயிர்ப் பச்சடி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

உரைகாரன்:
கட்சி மாறவில்லை. நடுகல் விஷயத்தில் என் கருத்து அதேதான். பிரியாணி பற்றி நான் சீரகச்சம்பா என்று சொல்லவே இல்லை, திரியைத் திறந்து பாருங்கள்.

மொழிமாணவி:
ஒரு மணி நேரமாக அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐயா கள்ளன் எங்கே என்று கேட்கிறார். நாயைப் பாருங்கள். ஆள் விழுந்த பிறகும் அது அவன் பக்கத்திலேயே நிற்கிறது. எதற்காக நிற்கிறது என்று கேட்க வைக்கிறது இல்லையா? அந்தக் கேள்விக்குள்தான் கள்ளன் இருக்கிறான்.

பிரஷ்காரன் (குடியாத்தம்):
ஆள் விழவில்லை, கல்லில் நின்றுகொண்டிருக்கிறான். விழுந்தது எழுத்தில். பார்த்தாயா, நீயே படித்ததைத்தான் பார்த்ததாகச் சொல்கிறாய்! பக்கத்தில் நாய் நின்றால் கள்ளன் வந்துவிடுவானா? எங்கள் வீட்டு நாயும் என் பக்கத்தில்தான் நிற்கிறது, பொறை பிஸ்கட்டுக்கு.

செங்கம்_மண்:
தலைப்பில் இன்னும் வேலூர் என்றுதான் இருக்கிறது.

அகழிமீன்:
ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரு வேன் பிடித்துப் போய் நேரிலேயே பார்த்துவிட்டு வரலாமா? டீ என் செலவு.

செங்கம்_மண்:
வருவதென்றால் வாருங்கள், வேடியப்பனுக்குக் கற்பூரம் வாங்கி வாருங்கள். பிரஷ் டப்பாவைக் கொண்டு வரக் கூடாது.

உரைகாரன்:
ஞாயிறு எனக்கு ஒரு கல்யாணம்.

பிரஷ்காரன் (குடியாத்தம்):
நான் வருகிறேன். பூதக்கண்ணாடியும் எடுத்து வருகிறேன். கள்ளனை அந்தப் பிள்ளை விரல் வைத்துக் காட்டட்டும்.