புறா இறகுக்குள்ள ஓடுற தட்டை ஈ, இது உண்ணியோ?

பரந்தன் புறாக்காரன்:
வணக்கம். எங்கட வீட்டில ஒரு இருபது புறா நிக்குது. மூண்டு கிழமையா ஒரு சாமான் பாக்கிறன், குஞ்சுகளின்ர செட்டைக்குக் கீழ இறகுக்குள்ளால நண்டு மாதிரி பக்கவாட்டில ஓடுது, மண்ணிறம், சரியான தட்டை, விரலால நசிச்சாலும் சாகுதில்லை, விட்டவுடன பறந்துவந்து என்ர தலைமயிருக்குள்ள பூந்திட்டுது. பக்கத்து வீட்டு அப்பு உண்ணி எண்டுறார். உண்ணி பறக்குமோ? இறைச்சிக்குள்ள முட்டை போட்டுப் புழு வைக்கிற சாதியோ எண்டும் பயமாக் கிடக்கு. ரெண்டு புறா சோர்ந்துபோய் நிக்குது. மண்ணெண்ணெய் பூசச் சொல்லுறாங்கள், பூசட்டோ?

மல்லாவியான்:
தம்பி, மண்ணெண்ணெய் பூசிப்போடாதையும், குஞ்சின்ர தோல் வெந்துபோம். உண்ணிக்கு எட்டுக் கால், செட்டை இல்லை. உம்மட சாமானைப் பிடிச்சு எண்ணிப் பாரும், ஆறு கால்தான் இருக்கும். உது ஈ, ஹிப்போபொசிடே எண்ட குடும்பம். நாயின்ர கழுத்தில, மாட்டின்ர வாலடியில ஒட்டிக்கொண்டு நிக்குமே நாய் ஈ, அதுவும் இந்தக் குடும்பம்தான். புறாவில வாறதுக்கு சூடோலிஞ்சியா கனாரியென்சிஸ் எண்டு பேர். தோல் வார் மாதிரி உடம்பு, அதுதான் நசியாது, கால் நுனியில கொக்கி மாதிரி நகம், புறா சிலுப்பினாலும் விழாது.

கிளிநொச்சி வாத்தியார்:
நான் வருசக்கணக்கா மண்ணெண்ணெய்தான் பூசுறன், ஒண்டும் நடக்கேல்லை.

மல்லாவியான்:
வாத்தியார், உங்கட கூட்டில இப்ப எத்தினை புறா நிக்குது எண்டும் சொல்லுங்கோவன் 😄

வவுனியா பெட்டை:
புழு வைக்குமெண்டு பயப்பிடத் தேவையில்லை அண்ணா. இந்த ஈ முட்டையே போடாது. தாயின்ர வயித்துக்குள்ள ஒரு நேரத்தில ஒரு புழுதான், அதுக்குப் பால் மாதிரி ஒண்டு உள்ளுக்கேயே சுரக்கும், அதைக் குடிச்சு முழுசா வளந்தாப் பிறகுதான் வெளிய போடும், போட்ட கொஞ்ச நேரத்திலயே அது இறுகிக் கறுத்துக் கூட்டுப்புழுவாயிடும். ஆபிரிக்காவில தூக்க வியாதி பரப்புற செட்சி ஈயும் இப்பிடித்தான், ரெண்டும் சொந்தக்காரர். ஆணும் பெண்ணும் ரெண்டுமே ரத்தம் குடிக்கும். புறாவுக்கு ஹீமோபுரோட்டியஸ் எண்டு மலேரியா மாதிரி ஒரு ரத்தக் கிருமி வாறது இந்த ஈயாலதான், 1906இல அல்ஜீரியாவில சேர்ஜன் சகோதரர்கள் கண்டுபிடிச்சது. சோர்ந்து நிக்கிற ரெண்டையும் மிருக வைத்தியரிட்டக் காட்டுங்கோ, மருந்துத்தூளும் அவரிட்டயே கேளுங்கோ. இன்னொரு கூத்து, புறாப் பேன் இந்த ஈயின்ர காலைப் பிடிச்சுத் தொங்கிக்கொண்டு மற்றப் புறாவுக்குப் போகும், பஸ்ஸில போறமாதிரி!

மல்லாவியான்:
கூட்டுக்குள்ள கிடக்கிற வைக்கலை அள்ளி எரியும், மூலையெல்லாம் சுரண்டிக் கூட்டும். கூட்டுப்புழு ஈயாக மூண்டு நாலு கிழமை செல்லும், அதுக்கு முந்தி முந்திக் கூட்டினாத்தான் பிரயோசனம். புறாவுக்கு மட்டும் மருந்து போட்டா அடுத்த மாசம் திரும்ப நிக்கும்.

பரந்தன் புறாக்காரன்:
ரெண்டு கிழமை கழிச்சு வாறன், மன்னிக்கவும். ஆறு கால்தான். வைக்கலுக்குக் கீழ கறுத்த விதை மாதிரி உருண்டையா, கடுகிலும் கொஞ்சம் பெரிசாக் கிடந்தது, இவ்வளவு நாளும் தீனியில வந்த ஏதோ விதை எண்டுதான் கூட்டித் தள்ளினனான். பத்தை எடுத்து ஜாம் போத்தல்ல போட்டு மூடியில துணி கட்டி வைச்சன். இண்டைக்குக் காலமை பாத்தா நாலு உடைஞ்சு கிடக்கு, நாலு ஈ கண்ணாடியில பக்கவாட்டில ஓடுது. அம்மா போத்தலை வெளிய எறியச் சொல்லுறா, மற்ற ஆறும் வருமட்டும் வைச்சிருக்கப்போறன்.