மறு: கம்போஸ்டுக்கு என்ன சொல்? (ராட்சதப் பூசணி, அவசரம்)

கத்தரிவெருளி:
அன்பர்களே, டொராண்டோவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு ராட்சதப் பூசணி போடப் போகிறார்கள். நோவா ஸ்கோஷியாவின் ஹோவர்ட் டில் உருவாக்கிய ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ விதை. 2023இல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பேயில் 1,247 கிலோ எடை நின்ற காயும் இதன் வழிவந்ததுதான். மண் தயாரிப்புக் கையேடு வியாழனுக்குள் அச்சுக்குப் போக வேண்டும். ‘இலையுதிர் காலத்திலேயே கம்போஸ்டைப் பரப்பிக் கிளறிவிடவும், நடவு நெருங்கும்போது பச்சைச் சாணம் கூடாது’ என்ற வரியில், கம்போஸ்டுக்கு (இலைதழை, சாணம் சிதைந்து ஆன உரம்) தமிழ்ச்சொல் கிடைக்காமல் நிற்கிறேன். ‘மக்கு’ என்று பலகையில் எழுதினேன். வகுப்பு முழுக்க என் மகனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

ஏர்க்கால்:
புதுச்சொல் எதற்கு? வள்ளுவரே ‘எரு’ என்று சொல்லிவிட்டார்.

கத்தரிவெருளி:
ஐயா, பச்சைச் சாணமும் எருதானே? இங்கே இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பச்சைச் சாணம் இளவேரைப் பொசுக்கிவிடும். கம்போஸ்ட் குவியலிலேயே 55–65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி ஆறியது. பிடித்துப் பார்த்தால் கையில் சாண வாடையே இல்லை, மழை பெய்த காட்டு மண் மணக்கிறது.

யாப்புக்கிறுக்கன்:
‘மட்கு’ என்று எழுதுங்கள். வெட்கம் வெக்கம் ஆனதுபோல் மட்கு மக்கு ஆயிற்று. மண்+கலம் மட்கலம் என்றால் மண்+கு மட்கு. உருகு, இளகு என்பவற்றில் வரும் அதே ‘கு’தான். மண்ணாவதே மட்குவது!

ஏர்க்கால்:
மட்குதலுக்கு ஒளி மழுங்குதல் என்றும் பொருள் உண்டு. ஒளியும் மண்ணாகிவிட்டதோ?

வல்வைக்காரி:
எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘கூட்டெரு’ அப்போதே இருந்தது. எங்களுக்குக் குப்பை உக்கும். மட்குவதை இந்தக் குழுவில்தான் கேள்விப்படுகிறேன். டொராண்டோவில் எத்தனை பிள்ளைகளின் அம்மம்மா யாழ்ப்பாணம் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

யாப்புக்கிறுக்கன்:
கன்னடத்தில் ‘உக்கு’ என்றால் எஃகு. இதற்குத் தனி இழை தொடங்கட்டுமா?

வல்வைக்காரி:
வேண்டாம் அண்ணா.

ஏர்க்கால்:
முதலில் அது பூசணியே இல்லை. எங்கள் ஊரில் பூசணி என்றால் திருஷ்டி கழித்து உடைப்பது. இது அமெரிக்கக் கண்டத்துக் காய், பரங்கி. கையேட்டின் தலைப்பே தவறு.

கத்தரிவெருளி:
அச்சுக்கு அனுப்பிவிட்டேன். நாலு பேர் ‘மட்குரம்’ (மட்கு+உரம்) என்று தனிமடலில் சொன்னதால் அதுவே. முதல் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குள் கூட்டெரு. பூசணி பூசணியாகவே இருக்கிறது. அப்புறம், வேரோடு ஒட்டி வாழும் மைக்கோரைசாவை ‘வேர்ப்பூசணம்’ என்று போட்டிருந்தேன். ‘பூசணிக்குப் பூசணம் இடுக’ என்று வாசித்த பிள்ளைகள், காய் அழுகிவிடாதா என்று கேட்கிறார்கள்.

யாப்புக்கிறுக்கன்:
பூசணம், பூஞ்சணம், பூஞ்சை. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஏர்க்கால்:
மட்குரத்தை நான் ஏற்கவில்லை. எரு. குறித்துக்கொள்ளவும்.