நாஸ்கா கோடுகள்: விமானம் எங்கிருந்து ஏறுவது?

கேள்வி:
பெருவில் நாஸ்கா கோடுகளை, அதாவது பாலைவனத் தரையில் வரைஞ்ச பிரம்மாண்ட உருவங்களை, மேலிருந்து பார்க்கணும். லிமாவிலிருந்து வரும் வழியில் பிஸ்கோவிலேயே ஏறலாமா, நாஸ்கா வரை போகணுமா? வயிறு புரட்டும்னு சொல்றாங்களே?

பதில் 1:
நாஸ்காதான் மேல். அங்கே மரியா ரைஹே விமான நிலையத்திலிருந்து மொத்தமே அரை மணி நேரம், கிளம்பின சில நிமிஷத்தில் கோடுகள் வந்துடும். பிஸ்கோன்னா ஒன்றரை மணி நேரம், பாதிக்கு மேல் போக வரவே சரி. கட்டணமும் அதிகம். லிமாவிலிருந்து நாஸ்கா சுமார் 450 கி.மீ., பஸ்ஸில் ஏழு மணி நேரமாவது ஆகும், முந்தின நாளே போய்த் தங்கிடுங்க. பாஸ்போர்ட் கட்டாயம். விமான நிலைய வரி பெரும்பாலும் தனி, பெரு நாட்டுப் பணமான சோல் நோட்டாக வைங்க. எடை பார்த்துத்தான் இருக்கை தருவாங்க.

பதில் 2:
புரட்டும். இரண்டு பக்கத்தாரும் பார்க்கணும்னு ஒவ்வொரு உருவத்துக்கும் விமானி வலமும் இடமும் சாய்ச்சுத் திருப்புவார். குமட்டல் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போடுங்க, ஏறின பிறகு போட்டுப் பலனில்லை. காலையில் மூடுபனி இருந்தா தாமதம், மதியத்துக்கு மேல் காற்றில் ஆட்டம் அதிகம். அன்றைக்கே திரும்ப டிக்கெட் போடாதீங்க.

பதில் 3:
படம் எடுக்க கேமராவில் ஷட்டர் வேகம் 1/1000 வினாடி. லென்ஸை ஜன்னலில் அழுத்தினா அதிர்வில் கலங்கிடும். சிலந்தி உருவம் 46 மீட்டர்தான், மேலிருந்து பொடிசாத் தெரியும். விமான இறக்கை நுனிக்குக் கீழே தேடுங்க. பறக்கப் பயமா? பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை ஓரத்துப் பார்வைக் கோபுரத்திலிருந்து மரம், கைகள் உருவங்கள் தெரியும். பல்லியும் உண்டு, பாவம், அந்தச் சாலையே அதை வெட்டிக்கிட்டுப் போகுது.