காட்டுப்பூ விதை: நேரடியாகத் தூவலாமா, நாற்று விடலாமா?

புதுப்பாத்தி கேட்கிறார்:
வீட்டுக்குப் பின்னால் ஒரு மூலை சும்மா கிடக்கிறது. 2 மீட்டருக்கு 2 மீட்டர் இருக்கும், நாள் முழுக்க வெயில். பாப்பி, கார்ன்ஃப்ளவர், கலிஃபோர்னியா பாப்பி, காஸ்மோஸ் எல்லாம் கலந்த விதை பாக்கெட் ஒன்று கையில் இருக்கிறது. குழித்தட்டில் நாற்று விட்டு நடணுமா, அப்படியே தூவிடலாமா? தொழு உரம் எவ்வளவு போடணும்? முளைச்சு வரும்போது எது பூச்செடி, எது களைன்னு எப்படித் தெரியும்?

களைக்கொத்து:
முதலில் அந்தத் தொழு உரத்தைத் தூர வைங்க. தழைச்சத்து கூடினால் காஸ்மோஸ் ஆள் உயரத்துக்கு இலையாக வளர்ந்து நிற்கும், பூ மட்டும் வராது. சத்துக் குறைந்த மண்தான் இதுகளுக்குப் பிடிக்கும்.

நாற்று வேண்டாம், நேரடியாகவே தூவிடலாம். ஆனால் பாக்கெட்டை இப்போதே பிரிக்காதீங்க. மண்ணைக் கொத்திச் சமன் செய்து, தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் வெறுமனே போட்டு வைங்க. உள்ளே கிடக்கும் களை விதையெல்லாம் முளைத்து வரும். அதை மேலாகச் செதுக்கி எடுங்க. ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்குகிற விதைகளும் மேலே வந்துவிடும்; பாதி உழைப்பு வீண்.

பிறகு சதுர மீட்டருக்கு 2, 3 கிராம் விதை போதும். காய்ந்த மணலில் கலந்து, பாதியைக் குறுக்காகவும் பாதியை நெடுக்காகவும் தூவுங்க. பாப்பி விதை தூசி மாதிரி இருக்கும், வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும். அதனால் மண் போட்டு மூடாமல் பலகையால் அழுத்திவிட்டால் போதும். கார்ன்ஃப்ளவருக்கு 1 செ.மீ. மண் மேலே வேணும். இதனால்தான் எனக்குக் கலப்பு பாக்கெட்டே பிடிக்காது, தனித்தனியாக வாங்குவதுதான் நல்லது. உங்களிடம் இருப்பது கலப்பு என்பதால், லேசாக ஒரு தடவை வாரி இழுத்துவிட்டு அழுத்துங்க.

மொட்டைமாடி:
நாற்றே கூடாது என்றில்லை சார். காஸ்மோஸ், ஜினியா இரண்டும் தட்டில் வளர்ந்து இடம் மாறினாலும் பிழைத்துக்கொள்ளும். ஆணிவேர் விடும் பாப்பி வகைகள்தான் பிடுங்கி நட்டால் முகம் சுருங்கும்.

களைக்கொத்து:
அது சரிதான். கலப்பு விதையில் காஸ்மோஸை மட்டும் பொறுக்கி எடுக்கவும் முடியும். நீளமாக, கருப்பாக, ஊசி போல இருக்கும்.

களை விஷயத்துக்கு ஒரு வழி: தூவும் நாளிலேயே ஒரு சிட்டிகை விதையைக் களை விதை இல்லாத தொட்டிக் கலவையில் போட்டு வைங்க. தொட்டியில் என்ன முகம் தெரிகிறதோ, அதே முகம் பாத்தியில் இருந்தால் விடுங்க, மற்றதைப் பிடுங்குங்க. கலிஃபோர்னியா பாப்பியைத் தொட்டி இல்லாமலே கண்டுபிடிக்கலாம்: முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு வித்திலைகளும் ஒவ்வொன்றும் நுனியில் கவட்டையாகப் பிளந்திருக்கும். கார்ன்ஃப்ளவர் இலை குறுகலாக, சாம்பல் பூத்த பச்சையில் இருக்கும்.

புதுப்பாத்தி:
தொட்டி யோசனை அருமை! தண்ணீர்? ஒரு தடவை விதைத்தால் அடுத்த வருஷமும் தானாக வருமா?

களைக்கொத்து:
முளைக்கும் வரை பூவாளியில் மெல்லிய தூறலாக விடுங்க. ஹோஸ் பிடித்தால் விதையெல்லாம் ஒரு ஓரத்தில் போய்ச் சேரும். நெருக்கமாக வந்தால் ஒரு சாண் இடைவெளிக்குக் கலைத்துவிடுங்க, மனசு கேட்காது, ஆனாலும் செய்யணும்.

இதெல்லாம் பெரும்பாலும் ஒரு பருவத்துச் செடிதான், பூத்து விதை விட்டதும் காய்ந்துவிடும். வாடின பூவைக் கிள்ளினால் தொடர்ந்து பூக்கும். கடைசிப் பூக்களை மட்டும் காய விட்டால் விதை உதிரும். பாப்பி விதை பல வருஷம் மண்ணுக்குள் காத்திருக்கும், மண்ணைக் கிளறினால்தான் எழும். அடுத்த வருஷம் விதைக்கும் பருவத்தில் மேல் மண்ணை ஒரு தடவை கீறிவிடுங்க.