ஏற்காட்டிலிருந்து சளி மாதிரி கொண்டுவர வழி சொல்லுங்க

வணக்கம். ஏற்காட்டுத் தனியார் கிளினிக்குகளில் காசநோய் சந்தேகம் உள்ளவங்க சளியை சேலத்துக்கு சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கிற) பரிசோதனைக்கு அனுப்புறோம். மாதிரி அடிக்கடி நிராகரிக்கப்படுது. முக்கியக் காரணம், டப்பாவில் இருப்பது நுரைத்த எச்சில். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளிச்சு, ரெண்டு மூணு தடவை ஆழமா மூச்சு இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளி 2 முதல் 5 மி.லி. வேணும். மாதிரி ரெண்டு வேணும்: ஒண்ணு அப்போதே, இன்னொண்ணு மறுநாள் விடிகாலை. காப்பித் தோட்ட ஆட்களுக்கு அந்த ரெண்டாவதுதான் விட்டுப்போகுது.

அடுத்தது கசிவு. மூடியை இறுக்கிப் பாராஃபிலிம் (இழுத்து ஒட்டுற மெழுகுத் தாள்) சுத்தாமல் விட்டா 20 கொண்டை ஊசி வளைவு இறங்குறதுக்குள்ள ஒழுகி, பெயர்ச்சீட்டு மை கரைஞ்சுடும். டப்பாவை நிமிர்த்தியே வைக்கணும். ஐஸ் பேக் போட்ட பெட்டியில் 2–8 டிகிரி.

மலைக் கிராமங்களிலிருந்து தினமும் மாதிரி எடுத்துவர உங்க பக்கம் யாரை வெச்சிருக்கீங்க? ஒரு நடைக்கு என்ன கொடுக்கறீங்க?

இன்னொண்ணு: 2012 முதல் காசநோயாளி விவரத்தைத் தனியாரும் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் பதிஞ்சாலும், வங்கிக் கணக்கு விவரம் சரியா இல்லேன்னா ஊட்டச்சத்துப் பணம் மாதம் 1000 ரூபாய் நோயாளிக்குப் போய்ச் சேராது. ஒரே போன் நம்பரை நாலு குடும்பம் கொடுத்தா யாரு எவர்னு எப்படிப் பிரிக்கறீங்க?