வீட்டில் செய்த சைக்கிள் ஃபோர்க் (முன்சக்கரத்தை இரு கால்களால் பிடிக்கும் கவை): குழாயும் தடிமனும், உங்கள் அனுபவம் என்ன?

இரும்புக்கால்:
நாற்காலிக் குழாயில் நண்பர் ஒருவர் செய்த ஃபோர்க் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கால்களும் தலைக்குழாய்க்குள் (சட்டத்தின் முன்முனைக் குழாய்) செல்லும் தண்டும் ஒரே அளவுக் குழாய், வெளிவிட்டம் 25.4 மி.மீ., சுவர் 1 மி.மீ. இறக்கத்தில் அவர் முன் பிரேக்கை அழுத்தியதும், வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து, சக்கரம் பின்னோக்கி வந்து சட்டத்தின் கீழ்க்குழாயில் உரசியதை அருகில் ஓட்டிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். கழற்றியபோது கால்கள் நேராகவே இருந்தன. கீழ் பேரிங்குக்குப் பக்கத்தில் தண்டின் பின்புறம் மட்டும் மடிந்திருந்தது. குரோமோலியாக (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) இருந்திருந்தால் வளைந்திருக்காது.

மரையாணி:
குரோமோலி பற்றி நீங்கள் சொல்வது பாதிதான் சரி. எல்லா எஃகுக்கும் யங் குணகம் (விறைப்பைக் காட்டும் அளவு) ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல் என்பதால், ஒரே அளவுள்ள குழாய்கள் ஒரே சுமைக்கு ஒரே அளவுதான் வளையும். மீண்டும் நிமிராத நிலையை எட்ட 4130 என்ற குரோமோலி வகைக்குக் கூடுதல் சுமை வேண்டும், அவ்வளவே. கெடுத்தது தடிமன். மரையிட்ட 25.4 மி.மீ. தண்டின் உள்விட்டம் 22.2, அதாவது சுவர் 1.6 மி.மீ.; உங்கள் நண்பரின் குழாயைவிட வலு ஒன்றரை மடங்கு. அதே சுவரோடு வெளிவிட்டத்தை 28.6 ஆக்கினால் ஏறத்தாழ இரு மடங்கு. என் சுமைச் சைக்கிளில் அந்த அளவில் மைல்ட் ஸ்டீல்தான் இருக்கிறது. தண்ணீர்க் கேன்களோடு பள்ளத்தில் இறங்கியபோது ஃபோர்க் ஒரு முறை அதிர்ந்து நிமிர்ந்ததைக் கைப்பிடியில் உணர்ந்தேன்; கழற்றி அளந்ததில் வளைவு இல்லை.

பழைய_பெடல்:
இருவரும் எஃகைப் பற்றியே பேசுகிறீர்கள். அலுமினியத்தில் செய்த ஃபோர்க் ஒன்றைத் துடைத்தபோது, வெல்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த முடி என்று நான் நினைத்த கோடு துணியோடு வரவில்லை, அது விரிசல். 6061-டி6 (வெப்பப் பதப்படுத்திய அலுமினியக் கலவை) குழாயை வெல்டு செய்தால் அந்த இடத்தின் வலு குறையும், மறுபடியும் வெப்பப் பதப்படுத்தாமல் அது திரும்பாது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை முறை சுமை ஏறினாலும் உடையாது என்று எஃகுக்கு உள்ள வரம்பும் அலுமினியத்துக்கு இல்லை. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: துத்தநாகப் பூச்சுள்ள குழாயானால் பூச்சை முழுவதும் நீக்கிய பிறகே வெல்டு செய்யுங்கள், அந்தப் புகை காய்ச்சலை உண்டாக்கும். வளைவு விசை கிரவுன் (கால்கள் தண்டோடு சேரும் இடம்) அருகே உச்சமடைந்து நுனியை நோக்கிக் குறைவதால், சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் வண்டிக்குக் கால்கள் கீழே மெலிந்திருக்கலாம். சக்கர மையத்தில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது. காலிப்பர் (தட்டைக் கவ்வும் பகுதி) பொருந்தும் இடது காலின் கீழ்ப்பகுதியையே பிரேக் விசை வளைக்கும் என்பதால், நுனி மெலிந்த குழாயை அதற்கு வாங்காதீர்கள்.