சிம்பிள் பிரசன்ட்: விதி மனப்பாடம், வாக்கியம் மட்டும் தப்பாகிறது. யாராவது விளக்குங்களேன்

முற்றுப்புள்ளி:
வணக்கம். ‘ஹி, ஷி, இட் வந்தால் வினையோடு எஸ் சேர்க்க வேண்டும்’ என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் சொந்தமாக நாலு வரி எழுதினால் தாள் சிவப்பு மையோடுதான் திரும்பி வருகிறது. அக்காவைப் பற்றி எழுதியதில் அடிபட்ட வரிகள் இவை:

“மை சிஸ்டர் இஸ் வொர்க் இன் எ பேங்க்.”
“ஷி வில் கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே.”
“ஷி டஸ் நாட் லைக்ஸ் கேட்ஸ்.”
“ஷி இஸ் நோயிங் ஸ்விம்மிங்.”
“வேர் ஷி லிவ்ஸ்?”

திருத்தியவர் சரியான வரியை மேலே எழுதிவிட்டார், காரணம் சொல்லவில்லை. இரண்டாவது வரிதான் ரொம்பக் குழப்புகிறது. தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பாள் என்றால் நாளைக்கும்தானே எழுந்திருப்பாள்? அப்புறம் ‘வில்’ போட்டால் என்ன?

பின்னொட்டு:
விதி தெரிந்தால் போதாது, பயிற்சி வேண்டும். தினமும் பத்து வாக்கியம் எழுதுங்கள், தானாக வரும்.

ஒற்றெழுத்து:
பின்னொட்டு, அவர் பயிற்சி செய்யாமல் இல்லை. தப்பையே பயிற்சி செய்தால் தப்புதான் படியும். முற்றுப்புள்ளி, உங்கள் இரண்டாவது வரியிலிருந்தே வருகிறேன், மற்றவை சுலபம்.

நீங்கள் தமிழில் யோசித்து எழுதுகிறீர்கள். அதில் தவறில்லை, ஆனால் தமிழ் இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. வழக்கத்தைச் சொல்ல நாம் பெரும்பாலும் எதிர்கால வடிவத்தைத்தான் எடுக்கிறோம்: ‘அக்கா ஐந்து மணிக்கு எழுந்திருப்பாள்’, ‘அவர் அதிகம் பேசமாட்டார்’, ‘தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்’, ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’. இவற்றில் ஒன்றுகூட நாளையைப் பற்றிய செய்தி இல்லை. ஆனாலும் ‘எழுந்திருப்பாள்’ என்றதுமே கை ‘வில்’லைத் தேடிப் போகிறது. ஆங்கிலத்தில் இந்த வேலை முழுக்க சிம்பிள் பிரசன்டுக்கு: ‘ஷி கெட்ஸ் அப் அட் ஃபைவ்’, ‘வாட்டர் பாய்ல்ஸ்’, ‘தி சன் ரைஸஸ்’.

சோதிக்க ஒரு வழி: தமிழ் வாக்கியத்தில் ‘வழக்கமாக’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருள் மாறாமல் நின்றால் ‘வில்’ வேண்டாம். ‘அக்கா நாளைக்கு ஊருக்குப் போவாள்’ என்பதில் ‘வழக்கமாக’ உட்காராது, அங்கே ‘வில்’ போடலாம்.

முதல் வரியில் சிக்கல் வேறு. ‘வேலை பார்க்கிறாள்’ என்ற ஒரே வடிவத்தைத் தமிழில் இரண்டுக்கும் சொல்கிறோம்: இந்த நிமிடம் பார்க்கிறாள், பொதுவாக அவள் வேலையே அதுதான். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. இப்போது நடப்பது ‘இஸ் வொர்க்கிங்’, பொதுவாக நடப்பது ‘வொர்க்ஸ்’. நீங்கள் பாதி இதிலிருந்தும் பாதி அதிலிருந்தும் எடுத்து ‘இஸ் வொர்க்’ என்று ஒட்டிவிட்டீர்கள். ‘நான்’ என்றாலே ‘ஐ ஆம்’ என்று சிறுவயதில் படிந்துபோனதன் விளைவு இது என்பது என் எண்ணம். ‘ஐ ஆம் கோ டு ஸ்கூல்’ என்பதும் இதே வகைதான்.

காற்புள்ளி:
ஒரு சின்ன இடையீடு. எக்காலத்துக்கும் பொருந்துவதை எந்தக் காலத்தில் சொல்வது என்று நம் இலக்கணக்காரர்களும் யோசித்திருக்கிறார்கள். தொல்காப்பியம் அதற்கு ‘செய்யும்’ என்ற வடிவத்தைக் காட்டுகிறது, ‘மலை நிற்கும்’ என்பதுபோல. நன்னூல் நிகழ்காலத்தில் சொல்லச் சொல்கிறது, ‘மலை நிற்கின்றது’ என்பதுபோல. ஆங்கிலம் இதில் நன்னூல் கட்சி. இப்படிப் பிடித்துக்கொண்ட பிறகு எனக்கு ‘தி சன் ரைஸஸ்’ உறுத்தவே இல்லை.

இன்னொன்று, ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு ‘வில்’ வரவே வராது என்று சொல்லிவிடாதீர்கள். ‘ஹி வில் சிட் தேர் ஃபார் அவர்ஸ்’ என்று ஒருவருடைய இயல்பைச் சொல்வது உண்டு.

ஒற்றெழுத்து:
நன்னூல் செய்தி அருமை. அந்த ‘வில்’ உண்மைதான், ஆனால் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம் என்பேன். அது ‘பாரேன், மணிக்கணக்காக உட்கார்ந்தே இருப்பான்’ என்கிற தொனி. சாதாரண வழக்கத்தை அப்படிச் சொல்லிப் பழகினால் இவருக்கு மறுபடியும் சிவப்பு மைதான்.

மூன்றாவது, ஐந்தாவது வரிகளுக்கு ஒரே மருந்து. ‘ஷி லைக்ஸ் கேட்ஸ்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘லைக்ஸ்’ என்பதற்குள் ஒரு ‘டஸ்’ ஒளிந்திருக்கிறது: டஸ் + லைக் = லைக்ஸ். ‘இல்லை’ என்று சொல்லவோ கேள்வி கேட்கவோ அந்த ‘டஸ்’ வெளியே வந்தாக வேண்டும். வரும்போது எஸ்ஸையும் எடுத்துக்கொண்டு வந்துவிடும், பின்னால் வெறும் ‘லைக்’தான் மிஞ்சும்.

ஷி லைக்ஸ் கேட்ஸ்.
ஷி டஸ் நாட் லைக் கேட்ஸ்.
டஸ் ஷி லைக் கேட்ஸ்?

ஆக ‘டஸ் நாட் லைக்ஸ்’ என்பதில் எஸ் இரண்டு முறை வந்துவிட்டது. ‘வேர் ஷி லிவ்ஸ்?’ என்பதில் டஸ் வெளியே வரவே இல்லை. சரியானது ‘வேர் டஸ் ஷி லிவ்?’ ஐ, யூ, வி, தே என்றால் ஒளிந்திருப்பது ‘டூ’. அதற்கு எஸ் கிடையாது.

முற்றுப்புள்ளி:
அந்த டஸ் + லைக் கணக்கு பளிச்சென்று புரிந்தது, நன்றி. அப்படியென்றால் ‘அங்கே யார் வசிக்கிறார்?’ என்பது ‘ஹூ டஸ் லிவ் தேர்?’ ஆகுமா?

ஒற்றெழுத்து:
ஆகாது, நல்ல இடத்தில் நிறுத்தினீர்கள். ‘ஹூ லிவ்ஸ் தேர்?’ போதும். அங்கே எழுவாயே ‘ஹூ’தான், வினை அதன் பக்கத்திலேயே நிற்கிறது, டஸ் வெளியே வர வேலையில்லை. அதேபோல ஆம், இஸ், ஆர் இருக்கும் வாக்கியத்திலும் டூ, டஸ் வராது. ‘இஸ் ஷி டயர்ட்?’ அவ்வளவுதான்.

காற்புள்ளி:
நாலாவது வரியை யாரும் தொடவில்லையே. தெரியும், பிடிக்கும், வேண்டும், புரியும் ஆகியவற்றைத் தமிழில் ‘கொண்டிருக்கிறது’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘எனக்கு நீச்சல் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘எனக்கு’, ‘அவளுக்கு’ என்று தொடங்கி இந்த வினைகளில் முடிந்தால், ஆங்கிலத்தில் நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட் என்று எழுதுங்கள், ‘இங்’ சேர்க்காதீர்கள். ‘ஷி நோஸ் ஹவ் டு ஸ்விம்.’ ‘ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்’ என்று நம்மவர்கள் சரளமாகச் சொல்வார்கள், எழுத்தில் வேண்டாம்.

முற்றுப்புள்ளி:
மாற்றி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

“மை சிஸ்டர் வொர்க்ஸ் இன் எ பேங்க். ஷி கெட்ஸ் அப் அட் ஃபைவ் எவ்ரி டே. ஷி டஸ் நாட் லைக் கேட்ஸ். மை பேரன்ட்ஸ் லிவ்ஸ் வித் ஹெர். வென் ஷி வில் கம் ஹோம் டுமாரோ, ஐ வில் ஷோ ஹெர் திஸ். எவ்ரிபடி இன் மை ஃபேமிலி நோ இங்கிலிஷ் வெல்.”

பின்னொட்டு:
பரவாயில்லை, என் பத்து வாக்கியத்தைவிட இது வேகமாக வேலை செய்கிறது! ‘பேரன்ட்ஸ்’ பன்மை, அதனால் ‘லிவ்’. பெயரில் பன்மை எஸ் வந்தால் வினையில் எஸ் வேண்டாம்: பாய்ஸ் ப்ளே, பாய் ப்ளேஸ். ‘எவ்ரிபடி’ பலரைச் சொன்னாலும் ஆங்கிலத்துக்கு ஒருமைதான், ‘நோஸ்’ என்று மாற்றுங்கள்.

ஒற்றெழுத்து:
பின்னொட்டு சொன்னதோடு ஒன்று. ‘வென்’ பகுதியில் ‘வில்’ வராது, ‘வென் ஷி கம்ஸ் ஹோம் டுமாரோ, ஐ வில் ஷோ ஹெர் திஸ்’ என்றுதான் வரும். நாளைய செய்தியானாலும் இஃப், வென், அன்டில், பிஃபோர் ஆகியவற்றின் பின்னால் சிம்பிள் பிரசன்ட்தான். ‘வென் வில் ஷி கம்?’ என்று நேரடியாகக் கேட்பது வேறு கதை, அங்கே ‘வில்’ வரலாம்.

முற்றுப்புள்ளி:
மாற்றிவிட்டேன். கடைசியாக ஒன்று: ஸ்பெல்லிங்கில் எப்போது எஸ், எப்போது இ-எஸ்?

பின்னொட்டு:
வாட்ச், வாஷ், பாஸ், ஃபிக்ஸ் என்று ‘ஸ், ஷ், ச்’ ஒலியில் முடிபவற்றை ‘வாட்சஸ், வாஷஸ்’ என்று ஓர் அசை கூட்டித்தான் சொல்ல முடியும், அந்த அசைக்குத்தான் இ-எஸ். எழுத்தில் ஏற்கெனவே இ இருந்தால், ‘ரைஸ்’ மாதிரி, எஸ் மட்டும் போதும். கோ, டூ இரண்டுக்கும் இ-எஸ். ‘ஸ்டடி’யில் ஒய் போய் ஐ-இ-எஸ் வரும், ‘ப்ளே’யில் ஒய்க்கு முன்னால் உயிரெழுத்து இருப்பதால் வெறும் எஸ். ‘ஹேவ்’ மட்டும் ‘ஹாஸ்’ ஆகிவிடும்.